விண்டரில் உள்ளே எடுத்த மேயர் லெமன்: பச்சை இலையே கொட்டுகிறது

பலகணி_தேசி

வணக்கம் உறவுகளே. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒன்பதாம் மாடிக் கொண்டோ. மேயர் லெமன் என்ற எலுமிச்சை இன மரம் ஒன்று, இரண்டரை அடி உயரம், 25 சென்ரிமீற்றர் சாடியில். கோடை முழுக்கப் பலகணியில் நன்றாக நின்றது. செப்ரெம்பர் கடைசியில் உள்ளே எடுத்து, தெற்குப் பார்த்த கண்ணாடிக் கதவோடு ஒட்டித் தரையில் வைத்திருக்கிறேன். தரை ரைல்ஸ்.

டிசம்பர் நடுப்பகுதியில் கொட்டத் தொடங்கி, இப்ப அரைவாசி இலை போய்விட்டது. மஞ்சளாகி விழவில்லை. பச்சை இலையே, கை பட்டாலே விழுகிறது. காம்பு கிளையில் நிற்க இலை மட்டும் கழன்று வருகுது. கண்ணாடிப் பக்கக் கிளைகளில்தான் கூட. மூன்று நாளைக்கு ஒருக்கா ஒரு கிளாஸ் தண்ணி விடுகிறேன், மேல்மண் எப்பவும் ஈரமாகத்தான் இருக்கு. இரண்டு கிழமைக்கு ஒருக்கா 20-20-20 பசளை (நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் மூன்றும் சம அளவு). இவ்வளவு இலை போயும் நுனியில் மொட்டு வருகுது, பயறு அளவில் பத்துப் பன்னிரண்டு காயும் நிற்குது.

சாடி மாற்றவா, பசளையைக் கூட்டவா, வெறுங்கிளையை வெட்டவா?

வேரடி

மூன்றும் இப்போதைக்கு வேண்டாம். பசளையை இன்றோடு நிறுத்துங்கள்.

பசளைக் குறைவென்றால் இலை நிறம் மாறித்தான் விழும், யன்னல் பக்கம் பார்த்தும் விழாது. எலுமிச்சை இனத்து இலையில் கழலக்கூடிய இடம் இரண்டு: காம்பு கிளையோடு சேருமிடம், இலைத்தகடு காம்போடு சேருமிடம். வயதாகி விழும் இலை பெரும்பாலும் காம்போடு விழும். திடீரென்று தண்ணீர் எட்டாமல் போனால் தகடு மட்டும் கழன்று, காம்பு குச்சி குச்சியாகக் கிளையில் நிற்கும். நீங்கள் சொல்வது இரண்டாவது.

மண் ஈரமாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். இந்த இனத்து வேர் 13 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் தண்ணீர் உறிஞ்சுவது மிகவும் மந்தமாகிவிடும். வெளியே மைனஸ் 15 என்றால், கண்ணாடியோரத் தரையில் நிற்கும் சாடி மண் அறையைவிட நன்றாகவே குளிர்ந்துபோகும். சுவர் வெப்பமானி 21 என்று காட்டும், வேர் 11, 12இல் கிடக்கும். முற்பகலில் தெற்கு வெயில் கண்ணாடிக்குள்ளால் நேரே இலையில் விழும். இலை சூடாகித் தண்ணீரை ஆவியாக விடும், கீழிருந்து ஏற்றிக் கொடுக்க வேருக்கு இயலாது. அந்தக் கணக்கைச் சரிக்கட்டத்தான் மரம் வெயில் படும் பக்கத்து இலையை முதலில் கழற்றி விடுகிறது. இதற்கு மேல் தண்ணி ஊற்றினால் குளிர்ந்த ஈரத்தில் வேர் அழுகத்தான் வழி.

முதலில் அளந்து பாருங்கள். இறைச்சிக்குக் குத்தும் ஊசி வெப்பமானி போதும். சாடி விளிம்புக்கும் அடிமரத்துக்கும் நடுவில் 8 முதல் 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குத்தி, காலை 7 மணிக்கு ஒருதரம், மதியம் 1 மணிக்கு ஒருதரம் குறியுங்கள். காலையில் 15க்குக் கீழே என்றால் சந்தேகமே வேண்டாம்.

பிறகு சாடியைத் தரையிலிருந்து தூக்குங்கள். 30, 40 சென்ரிமீற்றர் உயர ஸ்ரூல், அதன்மேல் 2.5 சென்ரிமீற்றர் தடிப்பு ரெஜிபோம் (தெர்மோகோல்) பலகை, அதன்மேல் சாடி. கண்ணாடியிலிருந்து ஓரடியாவது தள்ளி இருக்கவேணும். அதே நேரம் ஹீற்றர் காற்று வரும் துவாரத்துக்கு நேரேயும் வைக்காதீர்கள். மண் 18க்கு ஏறும்வரை நேர்வெயிலை ஒரு வெள்ளை மெல்லிய திரையால் மறையுங்கள். வெளிச்சம் குறைக்கச் சொல்கிறேனே என்று யோசிக்க வேண்டாம், இது நாலைந்து நாளைக்குத்தான்.

தூக்கி வைத்தும் 16ஐத் தாண்டாவிட்டால் நாற்றுக்கு வைக்கிற வெப்பப் பாய் வாங்குங்கள், ஆனால் தெர்மோஸ்டாட் உள்ளதாக. 20, 22க்கு வைத்து, உணரும் கம்பியை மண்ணுக்குள் குத்துங்கள். கம்பி பாய்மேல் கிடந்தால் அது பாயின் சூட்டைத்தான் அளக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத பாய் சாடியின் அடியை மட்டும் காய்ச்சி அடிவேரைக் கருக்கும்.

இதற்கு நேரெதிர் வழியும் உண்டு. வேரைச் சூடாக்காமல் இலையையும் சேர்த்துக் குளிரில் வைத்துத் தூங்கவிடுவது. பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 1684 முதல் 1686 வரை கட்டிய ஒறேஞ்சறி மண்டபம் அந்த வழிதான்: பெட்டியில் வளரும் தோடை (ஆரஞ்சு) மரங்களை ஒக்ரோபர் தொட்டு மே வரை தடித்த சுவருக்குள், உறையாத குளிரில் வைப்பது. 5 முதல் 10 பாகைவரை நிற்கிற, நேர்வெயில் அடிக்காத, வெளிச்சம் வரும் இடம் வேணும். கொண்டோவில் அப்படி ஒரு அறை கிடையாது, ஆகவே உங்களுக்குச் சூட்டு வழிதான். இலைக்குச் சூடு, வேருக்குக் குளிர் என்ற இந்த நடுவழி மட்டும் ஆகாது.

பலகணி_தேசி

நன்றி. அளந்தேன். காலை 7 மணிக்கு 11, மதியம் 13. நம்பமுடியவில்லை, அறை 22இல் இருக்கு. ஸ்ரூலில் ஏற்றி ரெஜிபோம் வைத்தாச்சு. ஆனால் கண்ணாடியிலிருந்து தள்ளினால் வெளிச்சம் காணாதே? முகில் போட்ட நாளில் அந்த இடமே மங்கலாக இருக்கும்.

வெயில்கணக்கு

வேரடி சொன்னதை அப்படியே செய்யுங்க. வெளிச்சத்துக்கு நான் கணக்கு சொல்றேன். நான் இருப்பது நியூஜெர்சி, உங்களைவிடக் கொஞ்சம் தெற்கு, இருந்தாலும் கதை ஒன்றுதான்.

டிசம்பர் 21 வாக்கில் உங்க ஊரில் பகல் 9 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. ஜூனில் பதினைந்தரை மணி நேரத்தை நெருங்கும். நேரம் குறைவது ஒரு பங்கு, செறிவு குறைவது அதைவிடப் பெரிய பங்கு. திறந்தவெளிக் கோடை வெயில் சுமார் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). மேகமூட்டமான ஜனவரி நாளில் ஜன்னலோரத்தில் ஓரிரு ஆயிரம் இருந்தால் அதிகம். அங்கிருந்து இரண்டு மீட்டர் உள்ளே வந்தால் சில நூறுதான். நம் கண் இருட்டுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அறை பளிச்சென்று தெரியும். செடிக்கு அந்தச் சலுகை கிடையாது.

போனில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்று இறக்குங்க. துல்லியம் கம்மிதான், ஆனாலும் 2,000க்கும் 20,000க்கும் வித்தியாசம் காட்டும். போனை மேல் இலைகளின் மட்டத்தில், விளக்கைப் பார்த்தபடி படுக்கவைத்து அளக்கணும். இலக்கு 20,000 லக்ஸ், தினம் 14 மணி நேரம். வெள்ளை எல்.இ.டி.யில் சுமார் 70 லக்ஸ் ஒரு மைக்ரோமோல் (ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்குச் செடிக்குக் கிடைக்கும் ஒளியின் அளவு) என்று வைத்துக்கொண்டால், அது சுமார் 285 மைக்ரோமோல், நாளுக்கு 14 மோல் சொச்சம். காய் பிடித்து நிற்க இது வேணும். வெறுமனே இலையைக் காப்பாற்ற இதில் பாதி போதும்.

ஊதா நிற விளக்கு வாங்காதீங்க. லக்ஸ் அளவுகோல் அதற்குப் பொய் சொல்லும், வீட்டிலும் கண்ணை உறுத்தும், இலையில் மஞ்சளா பச்சையா என்றே தெரியாது. 4,000 முதல் 5,000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை எல்.இ.டி. நல்லது. டப்பாவில் "1000 வாட்" என்று போட்டிருப்பதைப் பார்க்காதீங்க, உள்ளே சின்ன எழுத்தில் உண்மையில் இழுக்கும் வாட் இருக்கும். உங்க செடி அளவுக்கு அந்த உண்மை வாட் 40லிருந்து 50 இருக்கணும். இலை நுனியிலிருந்து 30 செ.மீ. மேலே தொங்கவிட்டு, 20,000 வரும்வரை ஏற்றி இறக்குங்க. மேல் இலை மட்டும் வெளுத்தால் 10 செ.மீ. தூக்கணும். 45 வாட் 14 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 0.63 யூனிட், மாதம் 19 யூனிட். அதற்கு மேல் செலவு கிடையாது.

டைமர் போட்டுக் காலை 7 முதல் இரவு 9 வரை எரியவிடுங்க, ஜன்னல் வெளிச்சமும் சேர்ந்துகொள்ளும். 24 மணி நேரமும் எரியவிடும் ஆசை சிலருக்கு வரும். இரவு எட்டு மணி நேரமாவது இருட்டு கொடுங்க.

முதல் நாளே 14 மணி நேரம் போட்டால் மங்கலில் பழகின இலை இன்னும் கொட்டும். 8 மணியில் தொடங்கி, இரண்டு நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டுங்க.

கறிவேப்பிலை_ரசிகை

மாதம் ஒருதரம் எப்சம் உப்பு போட்டால் இலை நல்ல பச்சையாக வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கோப்பித் தூளும் முட்டைக் கோதும் கூடப் போடலாமே? இரசாயனப் பசளையே தேவையில்லை.

வேரடி

கறிவேப்பிலை_ரசிகை, எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேற். மக்னீசியம் குறைந்தால் அடையாளம் தெளிவாக இருக்கும்: பழைய இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்படியில் தலைகீழ் "வி" எழுத்துப் போலப் பச்சை மிஞ்சும். அதைக் கண்டால் 4 லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி கரைத்து ஒருதரம் விடலாம். அடையாளம் இல்லாமல் மாதாமாதம் போட்டால் சாடியில் உப்புத்தான் சேரும். முட்டைக் கோது சுண்ணாம்பு, இந்த மரத்துக்கு வேண்டிய 5.5 முதல் 6.5 பி.எச். (புளிப்பு, காரத் தன்மையின் அளவு) எல்லையிலிருந்து மண்ணை மெல்ல மேலே இழுக்கும். கோப்பிச் சக்கை சாடி மண்ணில் பூஞ்சணமும் கொசு மாதிரிச் சிறு பூச்சியும் வளர்க்கும். தோட்டத்துப் பசளைக்குழியில் இரண்டும் நல்லவை, வீட்டுக்குள் வேண்டாம்.

நிறத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல இன்னும் இரண்டு: பழைய இலை முழுக்க ஒரே சீராக மஞ்சளானால் நைதரசன் குறைவு. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் இரும்பு எட்டவில்லை. மண்ணில் இரும்பு இல்லை என்று அதற்கு அர்த்தமல்ல. பெரும்பாலும் பி.எச். ஏறியிருக்கும் அல்லது வேர் குளிர்ந்திருக்கும். ரொறன்ரோவில் குழாயில் வருவது ஒன்ராறியோ ஏரித் தண்ணீர், ஓரளவு கடினநீர். வருடக்கணக்கில் விட்டால் பி.எச். ஏறும். கீலேற் (chelate) இரும்பு, அதாவது மண்ணில் கட்டுண்டு போகாதபடி செய்த இரும்பு, வாங்கும்போது போத்தலில் எழுத்தைப் பாருங்கள். ஈ.டி.டி.ஏ. வகை 6.5 தாண்டினால் பயனற்றுப்போகும், டி.டி.பி.ஏ. 7.5 வரை தாங்கும், ஈ.டி.டி.எச்.ஏ. அதற்கு மேலும் வேலை செய்யும்.

பலகணி_தேசி, உங்கள் தண்ணி முறையை மாற்றவேணும். ஒரு கிளாஸ் என்பது 250 மில்லிலீற்றர், அது மேல் மூன்று விரற்கடை மண்ணோடு நின்றுவிடும். மேலே எப்பவும் ஈரம், அடியில் காய்ந்த பீற் (சாடிக் கலவையில் இருக்கும் மக்கிய பாசி), விட்ட பசளை உப்பெல்லாம் நடுவில் தேக்கம். சாடியின் வெளிவிளிம்பில் வெள்ளைப் படலம் இருக்கிறதா பாருங்கள், அது அந்த உப்புத்தான்.

மண் 18ஐத் தாண்டிய பிறகு ஒருநாள் குளியல் தொட்டிக்குள் வைத்து, இளஞ்சூட்டுத் தண்ணீர், 25 பாகை அளவில், மெல்ல மெல்ல 10 லீற்றர் விடுங்கள். ஐந்து லீற்றர் விட்டு, அரை மணி நேரம் கழித்து மிச்சத்தை விடுவது நல்லது. காய்ந்த பீற் முதலில் தண்ணீரை ஏற்காது, சாடிச் சுவரோரமாகவே ஓடிவிடும். ஒரு மணி நேரம் வடியவிட்டு, குளியலறை எடைத்தராசில் வைத்து எடையைச் சாடியில் ஒரு ஒட்டுநாடா ஒட்டி எழுதுங்கள். அடுத்த தண்ணி, எடை சுமார் 2 கிலோ குறைந்த பிறகு. இந்தக் காலத்தில் அது 8 நாளும் ஆகும், 14 நாளும் ஆகும். நாளைப் பார்த்து விடாதீர்கள். விடும்போது அடியால் ஐந்தில் ஒரு பங்கு ஓடும் அளவுக்கு விட்டு, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள்.

புதுத் துளிர் ஒரு சென்ரிமீற்றர் வந்த பிறகுதான் பசளை. 20-20-20இல் பொசுபரசு தேவைக்கு மிஞ்சியது, அது இரும்பையும் துத்தநாகத்தையும் இடைஞ்சல் செய்யும். நைதரசன் கூட, பொசுபரசு குறைவு, பொற்றாசியம் நடுத்தரம் என்று 3-1-2 விகிதத்தில், இரும்பு, மங்கனீசு, துத்தநாகம் சேர்ந்த பசளை எடுங்கள். போத்தலில் போட்ட அளவில் கால்வாசி, ஒவ்வொரு தண்ணியோடும்.

பலகணி_தேசி

வெள்ளைப் படலம் இருக்கு. விளக்கும் வந்துவிட்டது, இப்ப 9 மணி நேரம் எரிகிறது. மண் காலையில் 17.

ஆனால் விளக்கு வெளிச்சத்தில் இன்னொன்று கண்டேன். கீழ் இலைகளின் மேற்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, தரையிலும் பசை போல. இலைக்கு அடியில், நடுநரம்போடு ஒட்டி மண்ணிறச் சிறு பொட்டுகள். நகத்தால் சுரண்டினால் வருகுது. நோயா?

செதில்_வேட்டை

நோயில்லை, செதில் பூச்சி. நகத்தால் தூக்கும்போது ஓடு மாதிரிப் பெயர்ந்து, அடியில் ஈரமான மஞ்சள் தெரிந்தால் உயிரோடு இருக்கிறது. காய்ந்து தூளாக உதிர்ந்தால் செத்தது. ஒட்டும் பசை அதன் கழிவு, சீனித்தண்ணீர். விட்டால் அதன்மேல் கரும்பூஞ்சணம் படரும்.

பெரிய செதிலுக்கு மருந்து ஏறாது, ஓடு காக்கும். ஆகவே கையால்தான். 70 வீத ஐசோபுரோபைல் அல்ககோலில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்து, ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள். நடுநரம்பின் இரு பக்கம், காம்பின் மூட்டு, பச்சைக் கிளையின் அடிப்பக்கம், இந்த மூன்றிடத்திலும்தான் ஒளிந்திருக்கும். அரைவாசி இலை போனது இதற்கு ஒரு வசதி, அரை மணி நேரத்தில் முடியும்.

பிறகு குஞ்சுகள். முட்டையிலிருந்து வரும் குஞ்சு ஊசிமுனை அளவில் ஊர்ந்து திரியும், ஓடு கட்டுமுன் அதைக் கொல்லலாம். தோட்டக்கடையில் பூச்சிச் சவர்க்காரம் என்று விற்பார்கள், கொழுப்பமிலத்தின் பொற்றாசியம் உப்பு. அதை இலைக்கு அடியிலிருந்து மேல்நோக்கி, சொட்டும்வரை தெளியுங்கள். காய்ந்தால் வேலை செய்யாது, ஈரமாக இருக்கும் நேரம்தான் கொல்லும். அதனால் விளக்கை அணைத்த பிறகு, மாலையில். 7 நாள் இடைவெளியில் நாலு தரம். ஒருதரம் அடித்துவிட்டு நிறுத்துவதால்தான் "மருந்து வேலை செய்யவில்லை" என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், முட்டை அடுத்த கிழமை பொரிக்கிறது. பாத்திரம் கழுவும் திரவத்தைப் பயன்படுத்த வேண்டாம். அது சவர்க்காரமே அல்ல, டிற்றேர்ஜன்ற், இலையின் மெழுகை உரித்து எரித்துவிடும்.

வேப்பெண்ணெய் கேட்பீர்கள். கனடாவில் அது பெரும்பாலும் இலைப் பளபளப்புக்கு என்ற பெயரில்தான் கிடைக்கும். இப்போதிருக்கிற தாகத்தில் எண்ணெய் எதையும் அடிக்காதீர்கள். இலை தேறிய பிறகு பார்க்கலாம்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஹீற்றர் ஓடும் வீட்டில் ஈரப்பதன் 20, 30 வீதத்துக்கு இறங்கும், அது சிலந்திப்பேனுக்குப் பிடித்த காலம். வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துக் கிளையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். விழுந்த பொடியில் மிளகாய்த் தூள் மாதிரி ஏதாவது நகர்ந்தால் அதுதான். விரலால் தேய்த்தால் செம்மண்ணிறக் கோடு விழும். அதற்கு மருந்துக்கு முன் தண்ணீர்: சாடி வாயைப் பிளாஸ்ரிக் பையால் கட்டி, மரத்தைச் சாய்த்து, ஷவரில் இலையின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். பிறகு அதே சவர்க்காரம், 5 நாள் இடைவெளியில். சூடான அறையில் சிலந்திப்பேன் ஒரு கிழமை சொச்சத்தில் அடுத்த தலைமுறையைப் போட்டுவிடும்.

ஈரப்பதனுக்குக் கூழாங்கல் தட்டு வைப்பதும் காலையில் பிசுக்கு பிசுக்கென்று தண்ணி தெளிப்பதும் மனத்திருப்திக்குத்தான், பத்து நிமிடத்தில் பழையபடி ஆகிவிடும். 40 வீதம் வேண்டுமென்றால் ஒரு ஈரப்பதனாக்கி வாங்குங்கள், அல்லது இப்படியே விட்டுப் பேனைக் கவனியுங்கள்.

கறிவேப்பிலை_ரசிகை

சரி, எப்சம் உப்பை எடுத்து வைத்துவிட்டேன். இன்னொரு கேள்வி: மேயர் லெமனில் ஊர்த் தேசிக்காய் (சிறு எலுமிச்சை) வாசம் இல்லை. ஊருக்குப் போனால் ஒரு தேசிக்கன்று கொண்டுவரலாமா? இல்லையென்றால் இங்கே கடைத் தேசிக்காய் விதை போடலாமா?

வேரடி

கொண்டுவர வேண்டாம். வேரோடு மண் வந்தால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள், இலங்கை மண் கனடாவுக்குள் வரக்கூடாது. எலுமிச்சை இனக் கன்றுகளுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு உண்டு. நோயும் பூச்சியும் கன்றோடு பயணிப்பதுதான் காரணம்.

வாசம் வேறாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. மேயர் லெமன் தேசியுமல்ல, முழு லெமனுமல்ல, தோடையின் இனம் கலந்த கலப்பு. அமெரிக்க விவசாயத் திணைக்களத்துக்காகக் கன்று தேடிச் சீனாவுக்குப் போன பிராங்க் மேயர் 1908இல் அனுப்பியது. முதலில் வந்த மரங்கள் எலுமிச்சை இனத்தைத் தாக்கும் ரிஸ்ரேசா வைரசைச் சுமந்திருந்தன. வைரஸ் இல்லாத வகையைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1975இல் வெளியிட்டது, "இம்புரூவ்ட்" என்று லேபலில் எழுதியிருப்பது அதைத்தான். கலப்பு என்பதால்தான் கொஞ்சம் குளிரும் தாங்குகிறது. நம்முடைய சிறு தேசி இந்தக் குடும்பத்திலேயே குளிருக்கு மிகவும் பயந்ததில் ஒன்று.

விதை போடலாம். ஆனால் இங்கே கடையில் கிடைக்கும் பெரிய பச்சைத் தேசிக்காயில் விதையே இருக்காது. தமிழ்க் கடையில் சின்னதாக, உருண்டையாக வருவதில் விதை இருக்கும். கழுவி, காயவிடாமல் அன்றே ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றுங்கள், 25 பாகையில் இரண்டு மூன்று கிழமையில் முளைக்கும். காய்க்கப் பல வருடம் போகும், அதுவரை முள்ளுத்தான் அதிகம். ரசத்துக்கு இலை பறிக்க என்றால் உடனே பயன். காய்க்கத்தான் வேணுமென்றால் ஒட்டுக்கன்று வாங்குங்கள்.

பலகணி_தேசி

செதில் எல்லாம் துடைத்தாச்சு, சவர்க்காரம் இரண்டு தரம் அடித்தாச்சு. மண் 19. ஐந்து நாளாக ஒரு இலையும் விழவில்லை. இரண்டு நுனியில் துளிர் மாதிரித் தெரியுது. இப்ப அந்தப் பத்துக் காயையும் மொட்டையும் என்ன செய்ய? வெறுங்கிளை? வீட்டுக்குள் தேனீயும் இல்லை.

வேரடி

காயை எண்ணிப் பறியுங்கள். மனம் வராதுதான். ஒரு காய்க்கு இருபது நல்ல இலையாவது வேணும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருப்பது ஐம்பது, அறுபது இலை என்றால் இரண்டு காய், மிஞ்சினால் மூன்று. அடிமரத்துக்குக் கிட்ட, தடித்த கிளையில் நிற்பதை விட்டு, மெல்லிய நுனியில் தொங்குவதைக் காம்போடு கத்தரியுங்கள். நீங்கள் பறிக்காவிட்டாலும் மரமே பெரும்பாலானதைக் கழற்றும், ஆனால் அதுவரை அவற்றுக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கும். மேயர் பூத்ததிலிருந்து பழுக்க ஆறு முதல் ஒன்பது மாதம் எடுக்கும், ஆகவே இது நீண்டகாலச் செலவு.

மொட்டில் கொத்துக்கு ஒன்று விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். இந்த மரம் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், இன்னொரு மரம் வேண்டாம். பூ விரிந்த அன்று அல்லது மறுநாள், மதியத்துக்குக் கிட்ட, நடுவில் நிற்கும் தண்டின் முனை பசையாக மினுங்கும். மென்மையான தூரிகையை முதலில் சுற்றியிருக்கும் மஞ்சள் தூளில் தொட்டு, அந்தப் பசையில் ஒற்றுங்கள். தூள் ஒட்டி நிற்பது கண்ணுக்கே தெரியும். இதழ் விழுந்து, கீழே பச்சைக் குமிழ் ஒரு கிழமை தாண்டி நின்றால் பிடித்துவிட்டது.

வெறுங்கிளையைத் தொடாதீர்கள். நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் அங்கிருந்து துளிர் வரும். மண்ணிறமாகக் காய்ந்திருந்தால் பச்சை தொடங்குமிடம்வரை மாத்திரம் வெட்டலாம், அதுவும் மார்ச் கடைசியில். ஒன்று மட்டும் இப்போதே வெட்டுங்கள்: ஒட்டுத் தழும்புக்குக் கீழிருந்து, மூன்று மூன்றாகப் பிரிந்த இலையோடு ஏதாவது கிளம்பியிருந்தால் அது அடிக்கன்றின் தளிர், மரத்தையே விழுங்கிவிடும். உங்களுடையது வெட்டுத்துண்டில் வேர்விட்ட கன்றென்றால் தழும்பே இருக்காது.

சாடி மாற்றும் நேரம் ஏப்ரல். வேர்க்கட்டைக் கழற்றிப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் மஞ்சளாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரிக் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும், வாடையும் அடிக்கும். அதை வெட்டுங்கள். அழுகல் கூடவென்றால் அதே சாடிக்கே திரும்புங்கள், பெரிதாக்க வேண்டாம். நல்லவேர் சுற்றிக்கொண்டிருந்தால் 5 சென்ரிமீற்றர் அகலம் கூடிய சாடி. பெரிய சாடியில் வேர் எட்டாத மண் மாதக்கணக்கில் ஈரமாக நிற்கும். கலவைக்கு ஒரு சென்ரிமீற்றருக்கு உட்பட்ட பைன் பட்டைத் துண்டு ஐந்து பங்கு, பீற் ஒரு பங்கு, பெர்லைற் (பொரித்த வெள்ளை எரிமலைக்கல்) ஒரு பங்கு. தோட்டத்து மண் சேர்க்காதீர்கள். வேர் தொடங்கும் தடிப்பு மண்மட்டத்தில் தெரியும்படி நடுங்கள், பழைய ஆழத்தைவிடத் தாழ்த்தினால் அடிமரம் அழுகும்.

வெயில்கணக்கு

வெளியே எடுக்கும்போது ஒன்று. விக்டோரியா தினம் (மே பிற்பகுதியில் வரும் கனடா விடுமுறை) தாண்டி, இரவு 10 டிகிரிக்குக் கீழே போகாத வாரமாகப் பார்த்து எடுங்க. முதல் மூன்று நாள் முழு நிழல், அடுத்த நாலு நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு தினம் அரை மணி கூட்டுங்க. விளக்குக்குப் பழகின இலை முதல் நாளே முழு வெயிலில் நின்றால் காகிதம் மாதிரி வெளுத்துத் திட்டு விழும், அது பிறகு பச்சையாகாது. ஒன்பதாம் மாடிக் காற்றுக்குத் தொட்டியைக் கம்பியோடு கட்டி வையுங்க.

செப்டம்பரில் உள்ளே எடுப்பதும் அதே கணக்குத்தான், தலைகீழாக. ஹீட்டர் ஓட ஆரம்பிக்கும் முன்பே, இரவு 10 டிகிரியைத் தொடும் வாரத்தில் எடுங்க. எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்னாடியே நிழலுக்கு நகர்த்தி, சோப்புத் தண்ணீர் ஒரு வார இடைவெளியில் இரண்டு தரம் அடிச்சிட்டு, உள்ளே வந்த அன்றே விளக்கைப் போடுங்க. ஸ்டூல் முதலிலேயே தயாராக இருக்கட்டும்.

பலகணி_தேசி

மூன்று காய் விட்டுவிட்டு மிச்சத்தைக் கத்தரித்தாச்சு. சாடியில் ஒட்டுநாடா ஒட்டி 7.8 கிலோ என்று எழுதியிருக்கு. 5.8 வரும்வரை தண்ணிப் பக்கம் போகமாட்டேன்.